பேட்டரிச் சின்னம் காணாமல் போனால்: பவர் மேனேஜரா, பேட்டரி பிளகினா?

என் பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ், மேலே எக்ஸ்எஃப்சிஇ என்ற திரை இடைமுகம். போன மாதம் ஒரு நாள் பேனலில் (திரை ஓரத்துப் பட்டையில்) பேட்டரிச் சின்னம் இல்லை. நான் கவனிக்கவும் இல்லை. பாதிக் கட்டுரை தட்டிக்கொண்டிருக்கும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரை அணைந்துவிட்டது.

எக்ஸ்எஃப்சிஇ-யில் இந்தச் சின்னத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மின்சார விஷயங்களைக் கவனிக்கும் பவர் மேனேஜர் நிரல் தானே காட்டுவது. இன்னொன்று, பேனலில் சேர்க்கத் தனியாக நிறுவிக்கொள்ளும் பேட்டரி பிளகின் என்ற துணை நிரல். இரண்டுமே இலவசம், இரண்டுமே எடை குறைவு, இரண்டிலும் சதவீதம் தெரியும். அதில் பேச ஒன்றுமில்லை.

எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பேட்டரியின் நிலையை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 'சிஸ்' அடைவுக்குள் 'பவர் சப்ளை' என்ற இடத்தில் சின்னச் சின்னக் கோப்புகளாக வைக்கிறது. 'பேட்0' அல்லது 'பேட்1' என்ற பெயரில் ஓர் அடைவு. அதற்குள் 'கெப்பாசிட்டி' கோப்பில் சதவீதம், 'ஸ்டேட்டஸ்' கோப்பில் சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற விவரம். பவர் மேனேஜர் இதை நேராகப் படிப்பதில்லை. அப்பவர் என்ற பின்னணிச் சேவை படித்து, நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியாகச் சொன்னால்தான் அதற்குத் தெரியும். நடுவில் எது அறுந்தாலும் சின்னம் போய்விடும்; குறைந்த சார்ஜ் எச்சரிக்கையும் கூடவே போய்விடும். பேட்டரி பிளகின் அந்தக் கோப்புகளைத் தானே திறந்து படிக்கிறது.

எனக்கு நடந்ததும் இதுதான். 'கெப்பாசிட்டி' கோப்பைத் திறந்தால் 41 என்று சரியாக இருந்தது. ஆக, பேட்டரியும் கெர்னலும் நன்றாகவே இருக்கின்றன, அப்பவர்தான் நின்றிருந்தது. சேவையையும் பேனலையும் மறுபடி தொடங்கியதும் சின்னம் வந்தது. இரண்டு நாள் கழித்து, உறக்கத்திலிருந்து எழுப்பியபோது மறுபடியும் காணோம். அன்றைக்கே பிளகினுக்கு மாறிவிட்டேன். இனி அதில் எண் வரவில்லை என்றால் அப்பவரையும் டி-பஸ்ஸையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. 'பேட்0' அல்லது 'பேட்1' அடைவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அது இல்லையென்றால் கோளாறு ஃபர்ம்வேரில் (கணினிக்குள்ளேயே பதிந்த அடிப்படை மென்பொருளில்), கெர்னலில் அல்லது பேட்டரி இணைப்பில். எந்தச் சின்னத்தை மாற்றியும் பயனில்லை. தேடுகிற தூரம் இவ்வளவு குறைவது எனக்குப் பெரிய நிம்மதி.

பிளகினிலும் குறை உண்டு. இடைவெளி விட்டுவிட்டுப் படிப்பதால், சார்ஜரைச் செருகிய உடனே சின்னம் மாறாது. புளூடூத் மவுஸின் சார்ஜையும் காட்டாது. அது வேண்டுமென்றால் பவர் மேனேஜர்தான். மூடியை மூடினால் உறங்க வைப்பது, திரை வெளிச்சம் எல்லாமே பவர் மேனேஜரின் வேலை என்பதால் அதை நீக்கிவிடாதீர்கள். நானும் சின்னத்தை மட்டும்தான் மாற்றினேன். என்னுடையதில் ஒரே பேட்டரி. இரண்டு பேட்டரி உள்ள கணினியில் ஓட்டிப் பார்த்ததில்லை.

அப்புறம், மாறுவதற்கு முன் ஒரு நிமிடம் பவர் மேனேஜர் அமைப்புகளில் தட்டுச் சின்னத்தைக் (நிரல்களின் சின்னங்கள் நிற்கும் பேனல் பகுதிதான் தட்டு) காட்டும் தேர்வு அணைந்திருக்கிறதா, பேனலின் தட்டில் அது மறைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் கோளாறு அவ்வளவுதான்.

எக்ஸ்எஃப்சிஇ இல்லாமல் ஓபன்பாக்ஸ் மாதிரி வெறும் சாளர மேலாளர் வைத்திருப்பவர்களுக்கு சிபேட்டிகான் என்ற சிறு பேட்டரிச் சின்ன நிரல் உண்டு. அதுவும் கெர்னல் கோப்புகளையே படிக்கும், ஆனால் உட்கார ஒரு தட்டு வேண்டும். பிளகினை வைத்தவர்கள் அதன் அமைப்பில் எச்சரிக்கை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி கடைசியில் சட்டென்று இறங்கிவிடுகிறது என்பதால் நான் 20 சதவீதத்தில் வைத்திருக்கிறேன்.