அப்பா இருந்த இரண்டாவது இல்லம்

அப்பாவை நான் இரண்டு பராமரிப்பு இல்லங்களில் சேர்த்தேன். முதலாவதில் பதினொரு வாரம் இருந்தார். இரண்டாவதில் பதினாறு மாதம், கடைசி மூச்சுவரை. இந்த விமர்சனம் இரண்டாவது இல்லத்துக்கு. ஆனால் முதலாவதில் பட்டதைச் சொல்லாமல் இரண்டாவதன் அருமையை என்னால் சொல்ல முடியாது.

அப்பாவுக்குப் பார்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று ஐந்து வேளை. இந்த நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு வேளை மாத்திரையின் பலம் சில மணி நேரம்தான். அடுத்தது தள்ளிப்போனால் நடந்து வந்தவர் நிலைப்படியில் கால் எழும்பாமல் நின்றுவிடுவார். முகம் இறுகும். பேச்சு முணுமுணுப்பாகும். விழுங்குவதே சிரமமாகிவிடும்.

முதல் இல்லத்தின் வரவேற்பறை பளபளவென்று இருந்தது. அதை நம்பினேன். மாத்திரை வண்டி மாடியின் ஒரு கோடியில் புறப்பட்டு மறுகோடிக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்பாவின் அறை மறுகோடியில். பத்து மணி மாத்திரை பதினொன்றரைக்கு வரும், பதிவேட்டில் மட்டும் பத்து என்றே எழுதியிருக்கும். இரவில் அவர் எதையோ பார்த்துப் பயந்து குரல் எழுப்பியதால் ஹாலோபெரிடால் கொடுத்துவிட்டார்கள். உடல் அசைவுக்கு மூளையில் தேவைப்படும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. அப்பாவின் நோயே டோபமைன் குறைந்துபோனதால் வந்தது. இரண்டு நாள் மரக்கட்டை மாதிரிக் கிடந்தார்.

நான்காவது வாரம் காலுறையை மாற்றும்போது வலது குதிகாலைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் கருத்திருந்தது. தொட்டால் சுற்றியுள்ள தோலைவிடச் சூடு. அழுத்திவிட்டு விரலை எடுத்தேன், நிறம் மாறவில்லை. படுக்கைப் புண்ணின் தொடக்கம் அதுதான். மாநிற, கருநிற மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். "வயதானவர்களுக்கு இது வரத்தான் செய்யும்" என்றார்கள். அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அழுத்தம் படும் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான படுக்கைப் புண்களை வராமல் தடுத்துவிடலாம்.

அன்றிலிருந்து வேறு இடம் தேடினேன். இரண்டாவது இல்லத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் போனேன். பகல் ஆட்கள் கிளம்பி இரவு ஆட்கள் வரும் நேரம் அது. நிர்வாகிகள் யாரும் இருக்க மாட்டார்கள். உட்காரச் சொன்னார்களே தவிர, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. கட்டடம் பழையது. ஓர் அறையருகே மூத்திர வாடை வந்தது. திரும்பி வரும்போது அது இல்லை, துடைத்திருந்தார்கள். நாள் முழுக்க வாசனைத் திரவியம் மணக்கும் இடத்தைவிட இது எனக்கு நம்பிக்கை தந்தது.

தண்ணீர்க் குவளைகளைப் பார்த்தேன். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, எட்டாத தூரத்தில் இருக்கும் தண்ணீரை யாரும் கேட்கவும் மாட்டார்கள். நான் எட்டிப் பார்த்த ஆறு அறைகளில் ஐந்தில் குவளை கைக்கு எட்டும் இடத்தில், பாதி குடித்த நிலையில் இருந்தது. தாழ்வாரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பணியாளரிடம் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆறு வருடம் என்றார். உடன் இருந்தவர் நான்கு வருடம். இரவில் எத்தனை பேர் என்றதற்கு, இந்தத் தளத்தில் பதினெட்டுப் பேருக்கு இரண்டு பேரும் ஒரு செவிலியரும் என்று யோசிக்காமல் பதில் வந்தது. முதல் இல்லத்தில் இதே கேள்விக்குப் 'போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்' என்பதுதான் பதில்.

இடம் காலியாக ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை தினமும் காலை பத்து மணி மாத்திரையை நானே போய்க் கொடுத்தேன்.

சேர்த்த அன்று தலைமைச் செவிலியர்தான் என்னை அதிகம் கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எத்தனை மணிக்கு விழிப்பார், என்ன வேலை பார்த்தார், எதற்குப் பயப்படுவார். மாத்திரை நேரங்களைத் தனித்தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் அலாரம் வைத்தார். புரதம் அந்த மருந்து உடலில் சேருவதற்கு இடைஞ்சல் செய்யும், ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகக் கொடுப்போம் என்று நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார். பிறகு அப்பாவின் உடம்பை உச்சி முதல் பாதம் வரை பார்த்து பிரேடன் அளவுகோலில் 14 என்று எழுதினார். படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணிக்க 1987-இல் வெளிவந்த அளவுகோல் அது. உணர்வு, ஈரம், நடமாட்டம், உணவு உள்ளிட்ட ஆறு தலைப்புகள், 6 முதல் 23 வரை மதிப்பெண். குறையக் குறைய ஆபத்து. முதல் இல்லத்தில் அப்படி ஒரு தாளையே நான் பார்த்ததில்லை.

கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் இருக்கும்படி செய்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தார்கள். செய்தார்கள் என்று எப்படித் தெரியும்? பதிவுத் தாளைப் பாருங்கள். இங்கே 2.10, 4.05, 6.20 என்று ஏறுக்குமாறான நேரங்கள், வெவ்வேறு மை, வெவ்வேறு கையெழுத்து. முதல் இல்லத்தில் 2, 4, 6 என்று அச்சடித்த மாதிரி, எல்லாம் ஒரே பேனாவில். மூன்று வாரத்தில் குதிகால் தோல் பழைய நிறத்துக்கு வந்தது.

சாப்பாட்டு நேரத்தை நான் பலமுறை அருகிலிருந்து பார்த்தேன். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டியதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் கண்மட்டத்துக்கு உட்காருவார். அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்வார். அரைக்கரண்டி கொடுத்துவிட்டுத் தொண்டைக்குமிழையே பார்த்துக்கொண்டிருப்பார். அது ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். சில நாள் நாற்பது நிமிடம் ஆகும். அவசரப்படுத்தி ஒரு சொல் கேட்டதில்லை. முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவிட மாட்டார், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால். மாதம்தோறும் எடை பார்த்தார்கள். ஒன்பதாவது மாதம் 58 கிலோ 55 ஆனது. ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொது விதி. நான் கேட்பதற்கு முன் அவர்களே தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

குறைகளும் உண்டு. துணி துவைக்கும் இடம் ஒழுங்கில்லை. பெயர் தைத்துக் கொடுத்தும் அப்பா மற்றவர் சட்டையில் உட்கார்ந்திருந்த நாட்கள் பல. வார இறுதியில் உடற்பயிற்சி சிகிச்சையாளர் வருவதில்லை, திங்கட்கிழமை அப்பாவின் முழங்கால் மடங்காது. கூடத்துத் தொலைக்காட்சி யாரும் பார்க்காவிட்டாலும் பகல் முழுக்க அலறும். பெரிய குறை, அப்பாவின் காதுக் கருவி தொலைந்தது. ஒன்பது நாள் கழித்துப் படுக்கை விரிப்போடு கிடைத்தது. ஒரு பொருள் காணாமல் போனதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒன்பது நாளும் அவரிடம் பேசியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை என்பதை நான் மூன்று முறை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா அங்கே இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் எனக்குத் தகவல் வந்தது. எங்கே, எந்த நேரம், காலில் என்ன இருந்தது என்பதுவரை எழுதி வைத்திருந்தார்கள். இதை நான் குறையாகச் சேர்க்கவில்லை. எங்களிடம் யாரும் விழுவதே இல்லை என்று சொல்லும் இல்லத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மறைப்பார்கள், அல்லது நாற்காலியோடு கட்டி வைப்பார்கள். கட்டிவைத்தால் காயம் குறைவதில்லை. தசை வற்றிப்போகும், விடுபட முயன்று இன்னும் மோசமாக அடிபடும்.

அப்பா போன மறுநாள் அவருடைய பொருட்களை எடுக்கப் போயிருந்தேன். செவிலியர் மேசையருகே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அலாரம் அடித்தது. பணியாளர் பழக்கத்தில் எழுந்து மாத்திரைப் பெட்டி இருக்கும் அலமாரிவரை போய்விட்டார். கதவைத் திறந்த பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "ஐயாவின் பத்து மணி அம்மா" என்றார்.