ஈலைஃப் ஜர்னலோட ரிவ்யூ முறை எப்படி இருக்கு

ஈலைஃப்ங்கற (eLife) உயிரியல் ஆராய்ச்சி ஜர்னல் 2023ல கொண்டுவந்த முறைல, எடிட்டர் ஒரு ஆராய்ச்சிப் பேப்பரை ரிவ்யூக்கு, அதாவது அதே துறை ஆளுங்க படிச்சு குறை நிறை சொல்றதுக்கு, அனுப்பிட்டார்னா அதுக்கப்புறம் அக்செப்ட், ரிஜெக்ட்னு எதுவும் கிடையாது, ப்ரிப்ரிண்ட் (ரிவ்யூக்கு முன்னாடியே ஆன்லைன்ல போடற பேப்பர்), ரிவ்யூவர்ஸ் சொன்னது, எடிட்டர்களோட மதிப்பீடு எல்லாம் ஒண்ணா வெளிய வந்துடுது, காசு கட்டாம யார் வேணா படிக்கலாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த மதிப்பீடுதான். ஆதாரம் பலமா இருக்கா, போதலையான்னு நேராவே எழுதிடறாங்க. மத்த நிறைய ஜர்னல்ல இதெல்லாம் மூடின ரூம்ல நடக்குது, "என் பேப்பரை எல்லாம் மேற்கோள் காட்டு"ன்னு ரிவ்யூவர் மிரட்டினாலும், போட்டி லேப் ஆளுன்னு வேணும்னே இழுத்தடிச்சாலும் வெளிய தெரியாது. போலி ரிவ்யூ எவ்வளவு பெரிய விஷயம்னா 2023ல மட்டும் ஹிந்தாவிங்கற பதிப்பகத்தோட ஜர்னல்கள்ல இருந்து 8000க்கும் மேல பேப்பர் வாபஸ் ஆச்சு, பெரும்பாலும் இந்த மாதிரி மோசடிதான் காரணம்! எழுதினதை எல்லாரும் படிப்பாங்கன்னா இப்படி செய்யவே கை நடுங்கும்ல.

குறையும் இருக்கு. எதை ரிவ்யூக்கு அனுப்பறதுங்கறதை இன்னும் எடிட்டர்ஸ் உள்ளுக்குள்ளேயேதான் முடிவு பண்றாங்க, அங்கயும் காரணத்தை எழுதி வெளிய வைக்கணும். ஆத்தர் கட்டணம் 2000 டாலர்னு ஆரம்பிச்சாங்க, முடியாதவங்களுக்கு விலக்கு இருந்தாலும் அது பெரிய தொகைதான்.

இந்த முறையால ஈலைஃபோட இம்பேக்ட் ஃபேக்டரும் (ஜர்னல் பேப்பர்களை மத்தவங்க சராசரியா எத்தனை தடவை மேற்கோள் காட்டறாங்கங்கற நம்பர்) போயிடுச்சு, அதை வச்சே வேலை கொடுக்கற இடங்கள்ல இருக்கற இளம் ஆராய்ச்சியாளர்கள் இங்க அனுப்பத் தயங்குவாங்க, அதுக்கு அவங்களைக் குறை சொல்ல முடியாது, யூனிவர்சிட்டிதான் அந்த நம்பரை விடணும். வேலை நிரந்தரமா இருக்கற சீனியர்ஸ் தாராளமா அனுப்பலாம், அனுப்பணும்.