கூலர் லைன் மாற்றுகிறோம் என்று 18,400 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள் – பெங்களூரில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கவனம்

வயிறு எரிகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருத்தர் மாட்டக்கூடாது.

பார்க்கிங்கில் காரின் முன்பக்கத்துக்கு அடியில் சிவப்பாகச் சொட்டியிருந்தது. ஏசி தண்ணீருக்கு நிறமே கிடையாது, என்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். வழவழவென்று சிவப்பு என்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஆயில்தான். அந்தச் சூடான ஆயிலை முன்னால் ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோய், ஆறவைத்துத் திரும்பக் கொண்டுவர இரண்டு லைன் ஓடுகிறது, அதுதான் கூலர் லைன். அதில் இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் கசிவு.

வீட்டுக்கே வந்து காரை எடுத்துப்போய் ரிப்பேர் செய்து தரும் ஆப் ஒன்றில் புக் செய்தேன். வந்த பையன் தமிழ். "அண்ணா, எனக்கு சேலம் பக்கம்தான். நம்ம வீட்டு வண்டி மாதிரி பாத்துக்கறேன்" என்றான். தரையில் படுத்து டார்ச் அடித்து, கசிகிற இடத்தை விரலால் தடவி என்னிடம் நீட்டினான். "ரெண்டு லைனும் ஒரிஜினலே போட்டுடலாம்ணா. ஆறு மாசம் வாரண்டி." வெளியூரில் நம் பாஷை பேசி, சட்டை அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் படுத்துக் காட்டுகிறவனை யார்தான் நம்பமாட்டார்கள்? 18,400 ரூபாயையும் முன்பணமாகவே கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.

கார் வந்தது. பழைய லைன் எங்கே என்றதற்கு, "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சுண்ணா."

சில நாளில் அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப் போகும்போது, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் என்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, எழுபது வயது அம்மாவோடு ஓரங்கட்டி நின்றேன். அடியெல்லாம் சிவப்பு.

பொம்மனஹள்ளியில் ஒரு மெக்கானிக் வண்டியைத் தூக்கிக் காட்டினார். அதே பழைய குழாய். சேரும் இடத்தை அறுத்துவிட்டு, சாதாரண பெட்ரோல் ஹோஸ் ஒரு துண்டைச் செருகி, இரண்டு கிளாம்ப் போட்டு, புதுசு மாதிரி தெரிய மேலே கறுப்புப் பெயின்ட். அந்த ஹோஸ் கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தாங்காது சார் என்றார். ஆயில் குறைந்து ஓடியதில் உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கலாம், ஆயிலில் தீய்ந்த வாடை வருகிறது என்கிறார். அந்தச் செலவு தனி.

அந்தப் பையன் போனை எடுப்பதில்லை. ஆப்பில் கேட்டால், "உங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது." வொர்க்‌ஷாப்பில் கேட்டால், "பணம் ஆப்புக்குத்தானே கட்டினீங்க, அங்க பேசுங்க." மறுபடி ஆப்பில் கேட்டால், வெளி மெக்கானிக் கை வைத்ததால் வாரண்டி செல்லாதாம். பாலத்தில் நின்ற வண்டியை வேறு யாரிடம் கொண்டுபோவது? இன்று காலை பார்த்தால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் "தீர்க்கப்பட்டது" என்று புகாரையே மூடிவிட்டார்கள். 18,400 ரூபாய்! பில்லில் "கூலர் லைன் – புதியது" என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன், விடப்போவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: வேலை முடியாமல் முழுப் பணம் கட்டாதீர்கள். பழைய பார்ட்டைக் கையில் வாங்குங்கள். பில்லில் பார்ட் நம்பர் கேளுங்கள். வண்டியைத் தூக்கி, மாற்றிய இடத்தைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுங்கள். சிவப்புச் சொட்டு தெரிந்தால் ஓட்டாதீர்கள், டோ பண்ணுங்கள்.