தேக்கா மார்க்கெட்: சிங்கப்பூருக்குக் குடிபோகும் சென்னைக்காரர்களுக்கு

மேற்கு மாம்பலம், ஆதம்பாக்கம் பக்கத்திலிருந்து வேலைக்காகக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதை எழுதுகிறேன். நாங்கள் அங்கே இருந்தவரை எங்கள் வீட்டு அடுப்புக்கு ஆதாரமாக இருந்தது தேக்கா மார்க்கெட்தான். லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி சி வாசல் வழியாக வெளியே வந்தால் பஃபலோ ரோடு, அதை ஒட்டியே மார்க்கெட். கீழே மீன், கறி, காய், சாப்பாட்டுக் கடைகள், மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும்.

மீனுக்காகவே போகலாம். சிந்தாதிரிப்பேட்டையில் மீன் ஒரு விலை, வெட்டுக்கூலி தனி. இங்கே சீனக் கடைக்காரர் "கறி? ஃப்ரை?" என்று மட்டும் கேட்பார், வஞ்சிரத்தை அதற்கேற்ற கனத்தில் துண்டு போட்டு, தலையை ரெண்டாகப் பிளந்து, குடல் எடுத்துக் கழுவித் தருவார், கூலி என்று தனியாக எதுவும் கேட்கமாட்டார். செவுளைத் தூக்கிப் பார்த்தாலும் முகம் சுளிக்கமாட்டார். திங்கட்கிழமை பல மீன் கடைகள் லீவு, அன்று போகாதீர்கள்.

முருங்கைக்கீரை, வாழைப்பூ, சின்ன வெங்காயம், வாழையிலை எல்லாம் கிடைக்கும், ஆனால் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் மனசு ஆறாது. அந்த நாட்டு உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. பக்கத்து மலேசியாவிலிருந்து வரும் வெண்டைக்காய், கத்திரிக்காய், பயத்தங்காய் மாதிரி காய்கள் கையைக் கடிக்காது, நம்மூரிலிருந்து விமானத்தில் வருவதற்குத்தான் விலை ஏறுகிறது. அதனால் அன்றாடச் சமையலுக்கு மலேசியக் காய், நாள் கிழமைக்கு மட்டும் நம்மூர்க் காய் என்று வைத்துக்கொண்டோம். பட்ஜெட் நின்றது.

எனக்கு இந்த மார்க்கெட் மேல் இவ்வளவு பிரியம் வர வேறு காரணம் இருக்கிறது. எங்களோடு வந்து தங்கிய அத்தைக்கு இங்கிலீஷ் வராது, வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எதுவும் எடுக்காமல் வந்துவிடுவார். தேக்காவில் காய்க்கடைக்காரரிடம் "என்னப்பா, கீரை நேத்து வந்ததா இன்னிக்கு வந்ததா?" என்று அதட்டலாகவே கேட்பார், அவரும் "இன்னிக்குக் காலையிலதாம்மா" என்று அடிக்கட்டைப் பிரித்துக் காட்டுவார். அப்புறம் மார்க்கெட் வேலையை அத்தையே எடுத்துக்கொண்டார், தனியாக ரயிலேறிப் போய் வர ஆரம்பித்தார். பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் முதல் வாரத்திலேயே இங்கே கூட்டிப் போய்விடுங்கள்.

ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியா முழுக்கக் கூட்டம் நெரியும், கைக்குழந்தையோடு போவது சிரமம். வாரநாளில் காலை எட்டு மணிக்குள் போவது உத்தமம். தரை ஈரமாக இருக்கும், பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள், சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, புளி எல்லாம் சிராங்கூன் ரோட்டுக் கடைகளிலேயே கிடைப்பதால் சென்னையிலிருந்து மூட்டை கட்ட வேண்டாம். பெட்டியில் இடமிருந்தால் வீட்டில் அரைத்த சாம்பார் பொடியும் வெயிலில் காய்ந்த வடகமும் போதும்.