காய்ந்த ரொட்டிக்கு இரண்டு வழி: பேன் பெர்தூவா, பெட்டெல்மனா?

முந்தின நாள் பகெத்தை, அதாவது நீளமான பிரெஞ்சு ரொட்டியை, மேசையில் தட்டினால் விறகுக்கட்டை மாதிரி சத்தம் வரும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான் அது. வெண்ணெயோ எண்ணெயோ கிடையாது. அதனால் ஒரே நாளில் இறுகிவிடுகிறது. அதை இனிப்பாக்க பிரெஞ்சு வீடுகளில் பல வழிகள் உண்டு. நான் அடிக்கடி செய்து பார்த்தவை இரண்டு.

முதலாவது பேன் பெர்தூ. பெயருக்கு ‘வீணாய்ப்போன ரொட்டி’ என்று பொருள். ரோமானியர் சமையல் குறிப்பிலேயே, பாலில் நனைத்துப் பொரித்த ரொட்டிமேல் தேன் ஊற்றுகிற பண்டம் இருக்கிறது. அந்த வம்சம்தான் இதுவும். 2 முட்டை, 250 மி.லி. பால், 2 மேசைக்கரண்டி சர்க்கரை. 2 செ.மீ. கனத்தில் ஐந்தாறு துண்டு.

சூட்சுமம் ஊறவைப்பதில் இருக்கிறது. காய்ந்த பகெத் துண்டு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் தாங்கும். நடுவில் விரலால் அழுத்தினால் ஸ்பாஞ்ச் போல அமுங்க வேண்டும், விண்டுபோகக் கூடாது. அவசரத்தில் ஒருமுறை அன்றைக்கு வாங்கிய ரொட்டியில் செய்தேன். தோசைத்திருப்பியில் பாதிதான் ஏறி வந்தது. வெண்ணெய் நுரை அடங்கியதும் போட்டு மிதமான தீயில் விட்டால் ஓரம் மொறுமொறுவென்றும் நடு கஸ்டர்ட் மாதிரியும் வரும். வெண்ணெயும் முட்டையும் சேர்த்த பிரியோஷ் ரொட்டியில் செய்தால் இன்னும் பஞ்சாக இருக்கும், ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள். நம் கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற சாண்ட்விச் பிரெட் இதற்குச் சுமார்தான்.

இரண்டாவது பிரான்சின் அல்சாஸ் பகுதியின் பெட்டெல்மன், அதாவது பிச்சைக்காரன். பெயருக்கேற்ப எதையும் வேண்டாம் என்று சொல்லாது: பகெத் நுனி, பிரியோஷ் துணுக்கு, எல்லாம் சேரும். 250 கிராம் ரொட்டியை அரை லிட்டர் சூடான பாலில் ஊறவைத்து மசித்து, 4 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, பட்டைத்தூள், அரை கிலோ செர்ரி கலந்து, அடித்து நுரைத்த வெள்ளைக்கருவை மெல்ல மடித்துச் சேர்த்து, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் ஓவனில் வைக்க வேண்டும். அல்சாஸ்காரர்கள் கிர்ஷ் என்கிற செர்ரிச் சாராயம் ஒரு கரண்டி ஊற்றுவார்கள், விட்டாலும் குற்றமில்லை.

ருசி என்று கேட்டால் என் ஓட்டு பேன் பெர்தூவுக்குத்தான். கல்லில் வெண்ணெயும் சர்க்கரையும் கருகிப் பிடிக்கிற அந்த மணம் ஓவனில் வராது. ஆனால் அது தட்டில் விழுந்த பத்து நிமிடத்துக்குள் தீர வேண்டிய பண்டம், ஆறிவிட்டால் ரப்பர். எட்டு பேருக்கு என்றால் நீங்கள் அடுப்படியை விட்டு நகரவே முடியாது. அப்போது பிச்சைக்காரனைக் கூப்பிடுவதே மேல். மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து ஜில்லென்று வெட்டி எடுக்கும்போது செர்ரிச் சாறு ரொட்டியில் இறங்கி, முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும்.