டெல்டாவா திருப்பூரா: ஆளு எங்க, வேலை எங்க?

எங்க ஊரு காவிரி டெல்டால, திருவாரூர் மாவட்டம் மன்னார்குடி பக்கம். சித்தப்பா பசங்க ரெண்டு பேரு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கானுங்க, பொங்கலுக்கு வந்தா "அண்ணே இங்க என்ன இருக்கு, அங்க வந்துருங்க"ன்னு ஒரே பேச்சு. நான் பசங்களுக்கு ஜியாகிரபி டியூஷன் எடுக்குறவன், அதனால ரெண்டு ஊரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்குற பழக்கம் ரொம்ப நாளா உண்டு.

மொதல்ல மக்கள்தொகை. எங்க நெரிசல்னு கேட்டா பசங்க யோசிக்காம திருப்பூர்னு சொல்லுவாங்க. 2011 சென்சஸ்படி பாத்தா ஒரு சதுர கிலோமீட்டருக்கு தஞ்சாவூர் மாவட்டத்துல சுமார் 700 பேரு, திருப்பூர் மாவட்டத்துல சுமார் 480தான். ஆத்துப்பாசன மண்ணு பல நூறு வருஷமா நெருக்க நெருக்கமா ஊர தாங்கிட்டு வந்துருக்கு, திருப்பூர்ல டவுன தாண்டி காங்கேயம் பக்கம் போனா ஆடு மாடு மேயுற கொரங்காடும் மானாவாரியும்தான். ஆனா வளர்ச்சி அப்படியே தலைகீழ். 2001லேருந்து 2011க்குள்ள திருப்பூர் 29 சதவீதம் ஏறிருக்கு, தஞ்சாவூரும் திருவாரூரும் 8 சதவீதத்த ஒட்டிதான். பொறப்பு எறப்பு மட்டும் இவ்வளவு வித்தியாசம் காட்டாது, ஆளு எடம் மாறுறதுதான் காரணம். திருவாரூர்ல 1000 ஆம்பளைக்கு 1017 பொம்பளை, திருப்பூர்ல 989. எங்க தெருவுல நடவு சமயத்துல வரப்பு வெட்ட ஆளு தேடுறப்ப இந்த கணக்கு கண்ணு முன்னாடியே தெரியும், பாதி பேரு திருப்பூர், மீதி சிங்கப்பூர் துபாய்.

வருமானம்னு வந்தா திருப்பூர்தான் மேல, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு ஒரு பனியனுக்கு பத்து கை வேணும், பிசிறு வெட்டுற வேலைக்கு கூட சனிக்கிழமை கையில காசு. இங்க பாசனத்துக்கு மேட்டூர் டேம் தெறக்கணும், ஜூன் 12 தான் கணக்கு, 2012லேருந்து 2019 வரைக்கும் 8 வருஷம் அந்த தேதில தெறக்கவே முடியல, அந்த தண்ணிய நம்பி போடுற மொத போக நெல்லு, குறுவை, போச்சுன்னா வருஷத்துல பாதி போச்சு. அறுத்து களத்துல கொட்டுனாலும் முடியாது, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா திருப்பி காய வெக்கணும், எங்க அப்பா ராத்திரில போயி ரெண்டு நெல்ல எடுத்து பல்லுல கடிச்சு பாப்பாரு, டக்குனு ஒடஞ்சாத்தான் தூங்க வருவாரு.

சரி, திருப்பூர்ல ஏன் பனியன் வந்துச்சு, இங்க ஏன் வரல? 1909லயே ஆல்ஃபிரட் வெபர்னு ஒரு ஜெர்மன்காரர் சொன்னதுதான். அரைச்சா காய்ச்சுனா எடை கொறையுற பொருளுன்னா ஃபேக்டரி வெளையுற எடத்துக்கு பக்கத்துல இருக்கணும், பஞ்சு மாதிரி எடை பெருசா கொறையாததுன்னா எங்க வேணா வெக்கலாம். அதனால திருப்பூர்ல எடம் முடிவாறது ஆளும், பக்கத்துல பக்கத்துல இருக்குற நிட்டிங், சாயம், பிரிண்டிங் பட்டறைங்களும்தான். அந்த சேர்க்கைய இங்க கொண்டாந்து நட முடியாது.

நெல்லு அப்படி இல்ல. 100 கிலோ அரைச்சா 65, 68 கிலோ அரிசி, அப்ப மில்லு வயலுக்கு பக்கத்துல இருக்கணும். ஆனா நீடாமங்கலம் ஸ்டேஷன்ல நின்னு பாருங்க, நெல்லு மூட்டை மூட்டையா சரக்கு ரயில்ல ஏறி வெளி மாவட்டத்துக்கு அரவைக்கு போகுது, உமியும் தவிடும் சேத்து ரயிலேறுது, கூடவே அந்த அரவை வேலையும் போயிடுது. எனக்கு வயிறு எரியுறது இதுலதான்.

தண்ணில திருப்பூருக்கும் நிம்மதி இல்ல. சாயத்தண்ணி நொய்யல் ஆத்துல எறங்கி, பாசனத்துக்கு கட்டுன ஒரத்துப்பாளையம் டேம் கழிவுத்தொட்டியா மாறி கீழ்ப்பக்கம் வயலு கெட்டுச்சு, 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறைங்கள மூடச் சொல்லிருச்சு. டெல்டாவுக்கும் ஃபேக்டரி வரணும்னு கேக்குறவங்க அத நெனச்சு பாக்கணும். 2020ல டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா சட்டம் போட்டப்ப நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

வயசுப்பையன் கேட்டா இன்னிக்கு திருப்பூர் போன்னுதான் சொல்லுவேன், கைல தொழில் வரும். ஆனா தம்பிகிட்ட போன பொங்கலுக்கு ஒண்ணு சொன்னேன், நம்ம ஊருல நவீன அரிசி மில்லும் தவிட்டெண்ணெய் மில்லும் நாலு வந்தா நீ திரும்பி வருவியான்னு. "ஷிப்டுக்கு ஒழுங்கா சம்பளம்னா நாளைக்கே வர்றேண்ணே"ன்னான்.