யுவான் கணக்கா, போன வருட விலையா, எதிர்க்கடை விலையா?

2025 அக்டோபர் 27 அன்று சீனாவில் ஒன்பிளஸ் 15 போன் அறிவிக்கப்பட்டபோது, 12 ஜிபி ரேமும் 256 ஜிபி சேமிப்பும் கொண்ட அடிப்படை மாடலுக்கு அங்கே 3,999 யுவான் என்று விலை வைத்தார்கள். இந்தியாவில் அது நவம்பர் 13 அன்றுதான் வெளியானது. இடைப்பட்ட பதினேழு நாட்களும் இங்கே என்ன விலை வைப்பார்கள் என்ற கணிப்புக் காலமாகவே கழிந்தன. காட்பாடியில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் அந்த போன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். அதற்காக அக்கா சீட்டு எடுத்து 65,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். "இவன் கேக்கறது இந்தக் காசுக்குள்ள வருமாடா?" என்று அவர் என்னைக் கேட்டதில்தான் இந்த அலசல் தொடங்கியது. எங்களிடம் மூன்று கணிப்புகள் இருந்தன: ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது, மூன்றாவது எங்கள் வேலூரில் காந்தி ரோட்டில் போன் கடை வைத்திருக்கும் ஒருவருடையது.

அவன் வைத்தது யுவான் கணக்கு. பழைய மாடல்களின் சீன விலையையும் இந்திய விலையையும் அருகருகே எழுதி, ஒரு யுவான் இங்கே எத்தனை ரூபாயாக மாறியிருக்கிறது என்று வகுத்துப் பார்த்தான். ஒன்பிளஸ் 12 சீனாவில் 4,299 யுவான், இந்தியாவில் 64,999 ரூபாய். அதாவது யுவானுக்கு 15.1 ரூபாய். ஒன்பிளஸ் 13 அங்கே 4,499 யுவான், இங்கே 69,999 ரூபாய்; யுவானுக்கு 15.6 ரூபாய். எனவே 3,999 யுவானை 15.5 ஆல் பெருக்கி, "அறுபத்திரண்டாயிரம் மாமா, மூவாயிரம் மிச்சம்" என்று முடித்துவிட்டான். நாணயச் சந்தையில் அப்போது யுவானின் மதிப்பு ஏறத்தாழ பன்னிரண்டரை ரூபாய்தான் என்றாலும், வரியும் விற்பனைச் செலவும் அந்தக் கூடுதல் மூன்று ரூபாய்க்குள் அடங்கிவிடுகின்றன என்பது அவன் வாதம். கேட்பதற்குச் சரியாகவே இருந்தது.

என்னுடைய கணக்கில் அந்நிய நாணயமே கிடையாது. 64,999 ரூபாயிலிருந்து 69,999 ரூபாய்க்கு ஏறிய நிறுவனம் இன்னொரு ஐயாயிரத்தை ஏற்றி 74,999 ரூபாயில் நிற்கும் என்றேன். சீனாவில் விலை 500 யுவான் குறைந்ததை நான் பொருட்படுத்தவில்லை. சீன விலை சீன வாடிக்கையாளருக்கானது. அதில் அந்நாட்டு மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதம் அடங்கியிருக்கிறது. அங்கே 6,000 யுவானுக்குக் குறைவான போன்களுக்கு அரசு 500 யுவான் வரை மானியமும் கொடுத்துவந்தது. அந்தச் சந்தைக்கென்று வைத்த விலையை நம் ஊர்ப் பணத்துக்கு மாற்றினால், கிடைப்பது ஒரு பெருக்கல் விடை மட்டும்தான்.

மூன்றாவது கணிப்பைக் கேட்கப் போன அன்று காந்தி ரோட்டுக் கடையில் நிற்கவே இடமில்லை. சிகிச்சைக்காகக் கொல்கத்தா பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் குடும்பம் ஒன்று சார்ஜர் கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் அவர்களுக்கு வங்காளியும் இந்தியும் கலந்து பதில் சொல்லிக்கொண்டே, ஸ்கிரீன் கார்டு பாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஒரு பழைய பில்லைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் மூன்று பெயர்களை எழுதினார்: ஒன்பிளஸ் 15, ரியல்மி ஜிடி 8 ப்ரோ, ஐகூ 15. மூன்றும் ஒரே சிப் கொண்டவை, மூன்றும் ஒரே மாதத்தில் வரப்போகிறவை. மூன்று பெயருக்கும் ஒரே அடைப்புக்குறி போட்டு, "எழுபதுக்கு மேல, எழுபத்தஞ்சுக்குள்ள. எவன் முதல்ல சொல்றானோ அதுதான் மத்தவனுக்கும் விலை சார்" என்றார். அதை நான் கணிப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஐயாயிரம் ரூபாய் அகலத்துக்கு வலை விரித்தால் ஏதாவது ஒன்று விழத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 13 அன்று வந்த விலை 72,999 ரூபாய். அக்கா மகனின் கணக்கு 11,000 ரூபாய் பிசகியது. என்னுடையது 2,000 ரூபாய். அன்று இரவு நான் கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன்.

அந்தப் பெருமை இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. நவம்பர் 20 அன்று ரியல்மி ஜிடி 8 ப்ரோ வந்தது. அதே 12 ஜிபி, 256 ஜிபி மாடலுக்கு 72,999 ரூபாய். நவம்பர் 26 அன்று ஐகூ 15 வந்தது. அதற்கும் 72,999 ரூபாய். என் முறைப்படி பார்த்தால் ஐகூ 12 இங்கே 52,999 ரூபாய், ஐகூ 13 54,999 ரூபாய்; எனவே ஐகூ 15 சுமார் 57,000 ரூபாயில் வந்திருக்க வேண்டும். 16,000 ரூபாய் பிசகு, அக்கா மகனுடையதைவிடப் பெரியது. முந்தைய ரியல்மி ஜிடி 7 ப்ரோ 59,999 ரூபாய்க்கு வந்தது என்பதால் அங்கேயும் என் முறை எடுபடவில்லை. சீனாவில் ஐகூ 15 இன் விலை 4,199 யுவான், மற்ற இரண்டும் 3,999 யுவான். அங்கே இருந்த அந்த 200 யுவான் வித்தியாசம் இங்கே ஒரு ரூபாய்கூட மிஞ்சாமல் மறைந்துவிட்டது. பில்லின் முதுகில் போட்ட அடைப்புக்குறிதான் சரி.

ஒன்பிளஸை மட்டும் எடுத்துக்கொண்டு, 13 இலிருந்து 15 க்கு விலை எப்படி மாறியது என்று மூன்று நாடுகளில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். சீனாவில் 4,499 யுவானிலிருந்து 3,999 யுவானாகக் குறைந்தது. அமெரிக்காவில் 899.99 டாலர் என்பது அப்படியே நின்றது. இந்தியாவில் 69,999 ரூபாயிலிருந்து 72,999 ரூபாயாக ஏறியது. ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடல் ஒரு நாட்டில் இறங்கி, ஒரு நாட்டில் நின்று, ஒரு நாட்டில் ஏறியிருக்கும்போது, எந்த நாணயத்தால் பெருக்கினாலும் நம் ஊர் விலைக்குப் போய்ச் சேர முடியாது.

சுங்க வரிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள்; இங்கே அது பொருந்தாது. முழு போனாக இறக்குமதி செய்தால் விதிக்கப்படும் அடிப்படைச் சுங்க வரி 2024 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் 20 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் ஒன்பிளஸும் ஐகூவும் இந்தியாவில் விற்பவற்றை இந்தியாவிலேயே பாகங்களைப் பொருத்தித் தயாரிக்கின்றன. ஜிஎஸ்டி 2020 ஏப்ரல் 1 முதல் 18 சதவீதம்; 2025 செப்டம்பர் 22 அன்று டிவி, ஏசி ஆகியவற்றுக்கு வரி குறைந்தபோதும் போனுக்குக் குறையவில்லை. 72,999 ரூபாயில் 11,135 ரூபாய் இந்த வரிதான். மாறாத வரி ஏற்றத்துக்குக் காரணமாக முடியாது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான தேவையால் 2025 இன் பிற்பாதியில் மெமரி சிப் விலை ஏறியதும், ரூபாயின் மதிப்பு சரிந்துகொண்டிருந்ததும் மெய்யான காரணங்கள். ஆனால் அவை விலை ஏறும் என்பதைத்தான் சொல்லும், எந்த எண்ணில் நிற்கும் என்பதைச் சொல்லாது. அந்த எண்ணைத் தீர்மானித்தது போட்டி மாடல்.

நான்காவதாக ஒரு முறையும் எங்கள் பக்கத்தில் உண்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என வளைகுடாவில் உறவினர் இல்லாத தெருவே குறைவு என்பதால், "துபாயில் என்ன விலை?" என்று கேட்பது இங்கே இயல்பான பேச்சு. ஆண்ட்ராய்டு போன்களுக்கு இந்தக் கேள்வியால் பயனில்லை. ஐபோனுக்கு மட்டும், அதிலும் ப்ரோவுக்கு மட்டும், பொருள் உண்டு. வெளியானபோது ஐபோன் 17 இன் விலை அங்கே 3,399 திர்ஹாம். 2025 செப்டம்பரில் திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்று வைத்தால் 81,600 ரூபாய்க்கு அருகில் வருகிறது. இங்கே 82,900 ரூபாய். இந்த ஆயிரத்துச் சொச்சத்துக்காக ஒருவரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்வது அவருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. ஐபோன் 17 ப்ரோ அங்கே 4,699 திர்ஹாம், அதாவது சுமார் 1,12,800 ரூபாய்; இங்கே 1,34,900 ரூபாய். 22,000 ரூபாய் வித்தியாசம் யாரையும் யோசிக்க வைக்கும். ஆனால் அமீரகத்தில் விற்கும் 17 வரிசையில் சிம் அட்டை போடும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். வரும் வழியில் சுங்க வரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபோன்கள் தயாராகும் ஸ்ரீபெரும்புதூர் நம் ஊரிலிருந்து அதே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர்தான் என்பதை நினைத்தால் இந்தச் சுற்று சற்று வேடிக்கையாகவும் இருக்கிறது.

கடைக்காரரின் முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. முதலில் விலை சொல்லும் நிறுவனத்தைக் கணிக்க அவரிடம் இருப்பது அந்த ஐயாயிரம் ரூபாய் அகலம் மட்டுமே. அந்த இடத்தில் மட்டும் போன வருட விலையைப் பார்க்கும் என் முறை கைகொடுக்கிறது. ஒன்று சொல்லிவிட்ட பிறகு மற்றவற்றை அவர் முறையில் பார்ப்பதே நல்லது. யுவான் கணக்கை நான் இனி யாருக்கும் சொல்லமாட்டேன். அட்டைப் பெட்டியில் ஒரே விலை இருந்தாலும் வங்கி அட்டைத் தள்ளுபடியும் எக்ஸ்சேஞ்ச் தொகையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன என்பதால், வாங்கும் நாளில் கடைக்குப் போய்ப் பார்க்காமல் எந்தக் கணிப்பும் முழுமையாகாது.

அக்காவின் 65,000 ரூபாய்க்கு மேல் இன்னும் 8,000 ரூபாய் தேவைப்பட்டது. அதை அக்கா மகன் என்னிடம் கேட்கவில்லை. நானும் என் 74,999 ரூபாய்க் கணிப்பைப் பற்றி மறுபடி பேசவில்லை. டிசம்பரில் அதே காந்தி ரோட்டுக் கடையில் ஒன்பிளஸ் 13 ஐ வாங்கிக்கொண்டு வந்தான். மிச்சப் பணத்தை அக்காவிடம் கொடுத்தபோது, பில்லோடு சேர்த்து அந்த அடைப்புக்குறி போட்ட பழைய பில்லும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.